இலை விரிந்தது

எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது துணி காயப்போடுவது நைலான் கயிற்றில். அதற்கு முன்னால் ஏழு மாசம் இரும்புக் கம்பியில் காயப்போட்டோம். அதற்கும் முன்னால் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றுக்கும் கம்பிக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பௌதிகத்தில் 82 மார்க் வாங்கிய நான் 43-வது வயசில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் கட்டிய சம்பளம் என் மனைவியின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு. இன்னும் அதிகமாகக் கேட்டிருந்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்திருக்கும்.

நார்க் கயிறு மழையில் நனைந்தால் வெள்ளை வேஷ்டியில் செம்பட்டையாகக் கறை இறங்கும். "கதை கதையாக எழுதுகிறீர்களே, ஒரு கொடி மாற்றித் தரக்கூடாதா?" என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்து இரும்புக் கடையில் பத்து மீட்டர் ஜி.ஐ. கம்பி வாங்கி வந்தேன். ஒரு முனையைக் கிணற்றடித் தூணில் கட்டினேன். மறு முனைக்கு வாகான இடம் வேண்டும். கொல்லைச் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் கூரைக்கு மேல் வரை நிற்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வரும் ஒயர் அதன் தலைவழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. அசையாத குழாய், உறுதியான குழாய். கம்பியை அதில் ஐந்து சுற்றுச் சுற்றிக் குறடு போட்டு முறுக்கினேன். அவள் இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றாள். எழுத்தாளன் வீட்டில் அவனுடைய கைவேலைக்குப் பாராட்டுக் கிடைப்பது அபூர்வம். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

ஏழு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலிலும் ஆனிக் காற்றிலும் அந்தக் கம்பியில் எத்தனையோ புடவைகளும் பள்ளிக்கூடச் சட்டைகளும் உலர்ந்தன. குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல்கூட ஆடினார்கள். கம்பி சாதுவாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள். முந்தின இரவு முழுவதும் நல்ல மழை. விடிந்ததும் கொஞ்சம் வெறித்தது. இரண்டு நாள் துணி சேர்ந்துவிட்டதே என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. அலறல் என்று சொல்ல முடியாது. அலறவும் அவளால் முடியவில்லை. தொண்டைக்குள்ளேயே ஏதோ அறுபடுகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலது கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உடம்பு மொத்தமும் நடுங்கிற்று. கண் என்னைப் பார்த்தது. விடு என்று கைக்குச் சொன்னாலும் கை கேட்கவில்லை என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது.

எழுந்து ஓடினேன். அவள் தோளைப் பற்றி இழுக்கக் கையை நீட்டியும் விட்டேன்.

"தொடாதேயும்!"

பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் குரல். மின்சார வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். மதில் மேல் அவர் தலை தெரிந்தது. "மெயினை அணையும், ஓடும்!"

ஓடினேன். மெயினை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் அப்படியேதான் நின்றாள். எனக்குக் கால் தரிக்கவில்லை. சுவரோரம் கொடியைத் தூக்கிவிடுகிற மூங்கில் கவைக்கம்பு கிடந்தது. அதை எடுத்தேன். மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று எந்தப் பள்ளிப் பையனுக்கும் தெரியும்.

"அதைக் கீழ போடும்! ராத்திரி பூரா நனைஞ்சு கெடக்கு. உள்ள உலர்ந்த மணை இருக்கா? ரெண்டு எடுத்தாரும்!"

இதற்குள் அவர் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்திருந்தார். 68 வயசு அவருக்கு. சாப்பிட உட்காருகிற மணை இரண்டை அடுக்களையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றைச் சேற்றில் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். மற்றதை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கைக்குப் பக்கத்தில் கம்பியை ஓங்கி அடித்தார். முதல் அடிக்குக் கை விடவில்லை. இரண்டாவது அடியில் கம்பி நழுவிற்று. அவள் கொடியிலிருந்து விழுந்த துணியைப் போலக் கீழே சரிந்தாள்.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்காது. ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்து, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளங்கையில் கம்பி பதிந்த இடம் மட்டும் வெந்து போயிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி குழாயின் உச்சியை எனக்குக் காட்டினார். வெயிலில் வருஷக் கணக்காகக் காய்ந்த ஒயரின் மேலுறை, குழாய் விளிம்பில் உராய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் கீறினாற்போல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் அந்த வெடிப்பில் இருந்தது காற்று. காற்று மின்சாரத்தை விடாது. மழைக் காலத்தில் அதே வெடிப்பில் தண்ணீர் நின்றது. தண்ணீர் வழியாக மின்சாரம் குழாய்க்கு வந்தது. குழாயிலிருந்து நான் சுற்றிய ஐந்து சுற்று வழியாகக் கம்பிக்கு வந்தது. கம்பியிலிருந்து ஈரக் கை, ஈரப் புடவை, வெறுங்கால், சேறு என்று பூமிக்குப் போயிற்று.

"மெயினை அணைச்சேனே, அண்ணாச்சி?"

"மெயினுக்கு முன்னாலயே கசியுது. அதை அணைச்சு என்ன செய்ய? நானும் முதல்ல யோசிக்காமத்தான் சொல்லிப்புட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கசிவுதான் வந்திருக்கு தம்பி. முழுசா வந்திருந்தா மணைக்கு நேரம் இருந்திருக்காது" என்றார். கம்பியை அங்கே கட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை.

அந்த இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது என் காலேஜ் பரிசோதனைக் கூடம். நான் காலேஜில் படித்தது இரண்டே வருஷம். அதற்குமேல் வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தேன். கடற்கரை ஊர், உப்பளத்துக்கு நடுவில் காலேஜ். ஒரு நாள் பேராசிரியர் தங்க இலை மின்காட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தண்டு; அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னத் தங்க ரேக். கருப்பு எபனைட் கோலைக் கம்பளியில் தேய்த்துத் தண்டின் தலையைத் தொட்டால், தண்டிலும் ரேக்கிலும் ஒரே இன மின்னூட்டம் பரவும். ஒரே இனமானவை ஒன்றை ஒன்று தள்ளும். ஆகவே இலை விரிந்து நிற்கவேண்டும். பாடப் புத்தகத்தில் படமும் அப்படித்தான் இருந்தது.

பேராசிரியர் தேய்த்தார். தொட்டார். இலை லேசாக எழுந்து, எதையோ மறந்தவன் போலத் திரும்ப விழுந்துவிட்டது. மறுபடி தேய்த்தார். மறுபடி விழுந்தது. கைக்குட்டையால் கோலைத் துடைத்தார்; விளக்கில் கம்பளியைக் காட்டிச் சூடு பண்ணினார்; மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வியர்வைதான் அவருக்கு அதிகமாயிற்று. கடைசி பெஞ்சில் சிரிப்புக் கிளம்பியது. "இலை விரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மணி அடித்தது. நாங்கள் நாற்பது பேரும் ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினோம்: 'இலை விரிந்தது.' அவரும் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. எங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. எபனைட்டின் மேலும் கண்ணாடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படிந்துவிடும். தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்த ஈரத்தின் வழியாக மெல்ல வடிந்து போய்விடும். கடத்தாப் பொருள் என்று பட்டியலில் இருக்கிற சாமான், ஈரம் பட்டால் மேற்பரப்பில் கடத்த ஆரம்பிக்கிறது. அன்று அந்த இலை விழுந்ததுதான் பாடம். எங்கள் கண்முன்னால் மூன்று தடவை விழுந்து காட்டிற்று. அதை எழுதாமல், நடக்காததை எழுதி மார்க் வாங்கினோம். எழுதியிருந்தால், வெடித்த ஒயர் தொங்கும் குழாயில் மழைக் காலத்துக்குக் கம்பி கட்டியிருக்க மாட்டேன் என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

அவள் வீடு திரும்பிய பிறகு, இந்த விஷயத்தை அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று புத்தகங்களைத் தேடினேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டுமென்றால் அதில் ஒரு மனிதன் வேண்டும். எனக்குக் கிடைத்த மனிதர் பெயர் ஸ்டீபன் கிரே.

இங்கிலாந்தில் கான்டர்பரி என்ற ஊரில் சாயத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் சாயத் தொழிலாளிதான். கைக்காசில் தூரதர்சினி செய்து நட்சத்திரம் பார்த்தவர். வயசான காலத்தில் கதியில்லாமல் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்ம விடுதியில், போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இருந்தார். 1729-இல், அறுபது வயசு தாண்டிய பிறகு, அவர் கையில் இருந்த பெரிய கருவி ஒரு கண்ணாடிக் குழாய். நீளம் ஏறக்குறைய மூன்றரை அடி. அதைத் தேய்த்தால் இறகு, பித்தளை ரேக் முதலியவற்றை இழுக்கும். அம்பரைத் தேய்த்தால் உமியை இழுக்கும் என்பது பழைய கிரேக்கர்கள் காலத்திலிருந்தே தெரிந்த சமாசாரம். அம்பருக்குக் கிரேக்க மொழியில் எலெக்ட்ரான் என்று பெயர். அதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தது.

தூசி போகாமல் இருக்கக் கிரே குழாயின் வாயைக் கார்க்கால் அடைத்து வைத்திருந்தார். ஒரு நாள் குழாயைத் தேய்த்தபோது இறகு குழாயிடம் போகாமல் கார்க்கிடம் போயிற்று. கார்க்கை யாரும் தேய்க்கவில்லை. இன்னொருவராயிருந்தால் இறகை எடுத்துக் குழாய் பக்கம் விட்டுவிட்டு, 'குழாய் இறகை இழுத்தது' என்று எழுதியிருப்பார். கிரே கார்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேய்த்த இடத்தில் பிறந்த குணம் தேய்க்காத இடத்துக்கு நடந்து போகிறது!

எவ்வளவு தூரம் நடக்கும் என்று பார்க்க ஆரம்பித்தார். கார்க்கில் ஒரு குச்சியைச் செருகி அதன் நுனியில் ஒரு தந்தப் பந்தை வைத்தார். பந்து ரேக்கை இழுத்தது. சணல் நூலில் பந்தைக் கட்டி மாடியிலிருந்து தொங்கவிட்டார், அப்போதும் இழுத்தது. மேலே போக மாடி இல்லை. சரி, நூலைப் படுக்கையாகக் கொண்டுபோகலாம் என்று கூரை உத்தரத்திலிருந்து அதே சணல் நூலால் வளையம் கட்டி அதில் தாங்கவிட்டார். பந்து அசையாமல் கிடந்தது. வந்த மின்சாரம் தாங்குகிற நூல் வழியாக உத்தரத்துக்கு ஏறிப் போயிற்று என்று அவர் ஊகித்தது சரி.

அந்த ஜூலை மாசம் கென்ட் பிரதேசத்தில் கிரான்வில் வீலர் என்ற சிநேகிதர் வீட்டுக்குப் போனார். தாங்குவதற்குப் பட்டு நூலைக் கட்டலாம், மெல்லிசாக இருப்பதால் அதன் வழியாகக் குறைவாகத்தான் போகும் என்று வீலர் யோசனை சொன்னார். கட்டினார்கள். எண்பது அடிக்கு மின்சாரம் போயிற்று. நீளத்தைக் கூட்டினார்கள். பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. பட்டைப் போலவே மெல்லிசான, ஆனால் பலமான ஒன்று வேண்டும் என்று பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். குழாயை எவ்வளவு தேய்த்தும் பந்து ஒரு ரேக்கைக்கூட இழுக்கவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைத்தான் நான் என் கொல்லையில் செய்திருக்கிறேன். நூல் அழுக்காகிறது என்று கம்பி கட்டியவன் நான். நூல் அறுகிறது என்று கம்பி கட்டியவர் அவர். கட்டினது பிசகல்ல. கட்டிய பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம். பந்து இழுக்காததைப் பார்த்து, 'விஷயம் மெல்லிசு தடிப்பில் இல்லை, பட்டா பித்தளையா என்பதில் இருக்கிறது' என்று இருவரும் கண்டுகொண்டார்கள். உலகத்துச் சாமான்களெல்லாம் மின்சாரத்தை விடுகிறவை, பிடித்து நிறுத்துகிறவை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தது அந்த அறுந்த நூலினால்தான். பட்டைத் திரும்பக் கட்டி அறுநூறு அடிக்கு மேல் கொண்டுபோனார்கள்.

மறு வருஷம் ஏப்ரலில் கிரே எட்டு ஒன்பது வயசுப் பையன் ஒருவனைக் கயிறுகளில் படுக்கவைத்துத் தொங்கவிட்டார். பையனின் காலடியில் தேய்த்த குழாயைக் காட்டினார். முகத்துக்கு நேரே வைத்திருந்த பித்தளை ரேக் துள்ளிப் பையன் முகத்துக்குப் பறந்தது. மனித உடம்பும் விடுகிற கட்சி என்று தெரிந்தது. 1731-இல் ராயல் சொசைட்டி முதன்முதலாகக் காப்ளி பதக்கம் கொடுத்தபோது அது இந்தத் தர்ம விடுதிக் கிழவருக்குப் போயிற்று.

கிரேக்குப் பின்னால் வந்தவர்களும் ஈரத்தின் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். பாரிஸில் து ஃபே என்பவர் சணல் நூலை நனைத்தால் அது இன்னும் நன்றாகக் கடத்துகிறது என்று கண்டு, 1,256 அடிக்கு மின்சாரத்தை ஓட்டினார். கிரேயின் நூல் உலர்ந்திருந்ததாகத் தோன்றினாலும் சணல் தன்னிடம் வைத்திருந்த கொஞ்சம் ஈரம்தான் அவருக்கு உதவியிருக்கிறது. 1752-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் மேகத்திலிருந்து மின்சாரத்தை இறக்கிய பட்டத்துக்குச் சணல் நூல். ஆனால் தன் கைக்கும் நூலுக்கும் நடுவில் ஒரு பட்டு நாடா. மழையில் சணல் நனையவேண்டும், பட்டு நனையக்கூடாது. அதற்காகவே கூரைக்குக் கீழே நிற்கவேண்டும் என்று அவர் எழுதி வைத்தார். மறு வருஷம் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ரிச்மன் என்ற பேராசிரியர், கூரையிலிருந்து ஒரு கம்பியைப் பூமிக்குச் சேர்க்காமல் வீட்டுக்குள் இறக்கி, அளந்து பார்க்கப் போனார். இடி இறங்கி அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவரும் கம்பி கட்டியவர்தான்.

அப்படி என்னதான் ஓடுகிறது? பிராங்க்ளின் இரண்டு வகை மின்னூட்டத்துக்கும் கூட்டல், கழித்தல் என்று குறி போட்டார். எது ஓடுகிறது என்று தெரியாத காலம். 1897-இல் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டபோது, கம்பியில் ஓடுவது கழித்தல் குறி போட்ட பக்கம் என்று ஆயிற்று. செம்பில் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ ஓர் எலெக்ட்ரானை ஊர்ப் பொதுவுக்கு விட்டுவிடுகிறது. அவை யாருக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுவதும் திரிகின்றன. கொஞ்சம் தள்ளினால் போதும், எல்லாம் ஒரு பக்கமாக நகரும். கண்ணாடியிலும் பட்டிலும் ரப்பரிலும் எலெக்ட்ரான்கள் அந்தந்த வீட்டோடு கட்டுண்டு கிடக்கின்றன. வாசலைத் தாண்டி வருவதில்லை. தேய்க்கும்போது மேலாகச் சில பிய்ந்து இடம் மாறும். மாறிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். செம்புக்கும் கண்ணாடிக்கும் உள்ள தாரதம்மியத்தை எண்ணில் சொன்னால் ஒன்று போட்டுப் பதினெட்டு சைபருக்கு மேல் போடவேண்டும். உலகத்தில் வேறு எந்தக் குணத்திலும் இரண்டு சாமான்கள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தப் பதினெட்டு சைபரை ஒரு துளி அழுக்குத் தண்ணீர் விழுங்கிவிடும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. அதில் கரைந்த உப்புத்தான் கடத்துகிறது. எங்கள் ஊரிலோ கிணறும் உப்பு, காற்றும் உப்பு, வியர்வையும் உப்பு. மனிதத் தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்திருந்தால் அதன் தடை 1,00,000 ஓம் வரை இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர்; சுரீர் என்று ஒரு கடி, கையை உதறிக்கொள்ளலாம். தோல் நனைந்துவிட்டால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதே 230 வோல்ட், இப்போது 230 மில்லி ஆம்பியர். பத்துப் பதினைந்து தாண்டினாலே கை தானாக இறுகிவிடும். விரலை மடக்குகிற தசை விரிக்கிற தசையைவிடப் பலமானது. மின்சாரம் இரண்டையும் சேர்த்து இழுத்தால் மடக்குவதுதான் ஜெயிக்கும். அவள் கண் சொல்லியும் கை கேட்காதது அதனால்தான். நூறு மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் போனால் இருதயம் தன் தாளத்தை மறந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பரிட்சையில் வந்த கணக்கு. வோல்ட்டை ஓமால் வகுத்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்த ஓம் ஒருத்தியின் கை என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது இந்த ஒரு துளித் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற வேலைதான். ஒரு நாள் தெருக் கம்பத்தைக் காட்டிக் கேட்டேன்: பீங்கான் கப்புக்கு எதற்கு அடுக்கடுக்காகப் பாவாடை மாதிரி மடிப்பு?

"மேல மழை பெய்தாலும் மடிப்புக்குக் கீழ் பக்கம் உலர்ந்திருக்கணும்லா? அதோட, மேலே இருக்கிற கரண்டு கீழே வரணும்னா மடிப்பெல்லாம் ஏறி எறங்கி சுத்தித்தானே வரணும்" என்றார். உப்பளப் பக்கம் உள்ள கம்பங்களில் இந்த மடிப்பெல்லாம் உப்புப் படிந்துவிடும். பகலில் வெயிலில் ஒன்றும் தெரியாது. பின்னிரவில் பனி இறங்கினால் உப்பு கசியும், கப்பு சீறும். இருட்டில் நீலமாகப் பொறி ஓடும். லைனை நிறுத்திவிட்டு ஏறி, ஒவ்வொரு கப்பாகத் துணியால் துடைத்துவிட்டு இறங்குவார்களாம். "பீங்கான்தானே, தாங்கும்னு விட்டுற முடியாது தம்பி. இன்னைக்கு எப்படி இருக்குன்னு பார்த்தாத்தான் ஆச்சு."

முப்பது வருஷம் கம்பம் ஏறி உயிரோடு இறங்கிய மனிதர் சொன்ன வார்த்தை இது. மழைக் காலையில் என் கையில் இருந்த மூங்கிலைப் பார்த்ததும் அவர், 'மரம்' என்று பார்க்கவில்லை. 'நனைந்தது' என்று பார்த்தார். ஒரே மரம்தான் வெளியே கிடந்தால் விடுகிற கட்சி, அடுக்களையில் இருந்தால் தடுக்கிற கட்சி. காற்றுக்கூட அப்படித்தான். சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் பொறுமை இழந்தால் அதற்குப் பெயர் மின்னல்.

வீட்டில் இப்போது ஒயரை மாற்றியாயிற்று. குழாயையும் பூமியோடு சேர்த்தாயிற்று. உள்ளே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே பட்டென்று துண்டிக்கிற பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். "நல்லதுதான். ஆனா அதுவும் தனக்குப் பின்னால நடக்கிறதைத்தான் பார்க்கும். முன்னால நடக்கிறதை நீர்தான் பார்க்கணும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கொடி நைலான்; இரண்டு பக்கமும் கருங்கல் தூண்.

போன வாரம் மகள் பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு. கடத்தி, கடத்தாப் பொருள் என்று இரண்டு கட்டம் போட்டுப் பெயர்களைப் பிரித்து எழுதவேண்டும். செம்பு, இரும்பு, கண்ணாடி, ரப்பர் எல்லாம் எழுதியிருந்தாள்.

"அப்பா, மரம் கடத்துமா, கடத்தாதா?"

"நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா?"

"அதெல்லாம் கேள்வியில் இல்லை."

"கேள்வியில் இல்லாவிட்டாலும் அதுதான் விடை. பக்கத்தில் ஒரு வரி எழுது: உலர்ந்திருந்தால் கடத்தாது, நனைந்தால் கடத்தும் என்று."

"அப்படி எழுதினால் மிஸ் மார்க் போட மாட்டாங்க."

போனால் போகிறது என்று உடனே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஒரு மார்க்கை விடாமல் வாங்கியவன் அல்லவா நான்! அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் பொடி எழுத்தில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்க்குமுன் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"அந்த மணையை யார் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டது? வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே எடுத்து வையுங்கள்."